உச்ச கியரில் ஒரு சோதனை

மோட்டார் காரின் ஆற்றலை மதிப்பிடுவோர் இக்காலத்தில் முதலில் கேட்கும் கேள்வி, “நின்ற நிலையிலிருந்து அறுபது மைல் வேகத்தை எட்ட எத்தனை வினாடி?” என்பதே. வேகம் வளரும் இவ்விகிதத்தை முடுக்கம் என்பர். ஆனால், இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் செல்வர்களுக்கெனச் செய்யப்பட்ட கார்களை இக்கேள்வி கொண்டு அளப்பது, நெல் அளக்கும் மரக்காலால் பொன்னை மதிப்பது போன்றதாகும்.

காரணம் யாது? அக்காலத்தில் கியர் மாற்றுதல் எளிதன்று. பற்சக்கரங்களின் சுழற்சி ஒத்துவராவிடில் அவை நறநறவென உரசும், வண்டி குலுங்கும். இக்குறையைத் தணித்த ஒத்திசைவு கியரமைப்பை அமெரிக்காவின் காடிலாக் நிறுவனம் 1928ஆம் ஆண்டில்தான் அறிமுகப்படுத்தியது. ஆகவே, நடைவேகத்தில் ஊர்ந்தாலும் உச்ச கியரை விட்டு இறங்காமல், ஓசையின்றி வேகம் கூடுவதே உயர்ந்த காரின் இலக்கணமாயிற்று. உச்ச கியரில் இயந்திரம் மெதுவாகச் சுழலும், இழுவையும் குறையும். அந்நிலையிலும் திணறாது இழுப்பதற்குப் பெரிய இயந்திரமும், எரிபொருளையும் காற்றையும் செவ்வனே கலக்கும் கார்புரேட்டரும் இன்றியமையாதவை.

இத்திறனை உலகறியச் செய்த போட்டியொன்று பிரிட்டனில் நிகழ்ந்தது. நேப்பியர் கார் ஒன்று லண்டனிலிருந்து எடின்பரோ வரை உச்ச கியரிலேயே ஓடியது. ஒரு காலனுக்கு 19.35 மைல் கொடுத்த அது, புரூக்லண்ட்ஸ் ஓட்டத் தளத்தில் மணிக்கு 76.42 மைல் வேகத்தையும் எட்டியது. ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் வாளா இருக்கவில்லை. 1911ஆம் ஆண்டில் அதன் ஆறு சிலிண்டர் கார் ஒன்றை எர்னஸ்ட் ஹைவ்ஸ் அதே வழியில் ஓட்டிச் சென்று திரும்பினார். ஏறத்தாழ 800 மைல். மேடு பள்ளம் அனைத்தும் உச்ச கியரிலேயே. அரச மோட்டார் கழகத்தார் மேற்பார்த்தனர். காலனுக்கு 24.32 மைல் கிடைத்தது. புரூக்லண்ட்ஸில் வேகம் 78.26 மைல். இரண்டு அளவிலும் வெற்றி!

இவ்வெற்றியின் பொருளை நோக்க வேண்டும். வேகத்தில் வேறுபாடு இரண்டு மைலுக்கும் குறைவே. சந்தை நெரிசலில் ஊர்வதும் ஓட்டத் தளத்தில் பறப்பதும் ஒரே காருக்கு இயலும், அதுவும் சிக்கனமாக இயலும் என்று காட்டியதே பெருமை.

பிற்காலத்தில் சோதனை முறை திருந்தியது. ஆட்டோகார் இதழ் 1928இல் ஒழுங்கான சாலைச் சோதனைகளைத் தொடங்கிற்று. 1930களில் அது, மணிக்கு 10 மைலிலிருந்து 30 மைலுக்கு ஒவ்வொரு கியரிலும் உயர ஆகும் வினாடிகளைத் தனித்தனியே பட்டியலிட்டது. உச்ச கியரின் இழுவையைப் பழைய வாடிக்கையாளர் இன்னும் மறக்கவில்லை என்பதற்கு அப்பட்டியலே சான்று. காரிலுள்ள வேகமானி மிகைத்துக் காட்டக்கூடும். காற்றும் சரிவும் கணக்கைக் கெடுக்கும். ஆதலால் வேகமானியின் பிழையைக் கணித்துத் திருத்துவதும், ஒரே சாலையில் இரு திசையிலும் ஓட்டிச் சராசரி காண்பதும் நல்ல சோதனையாளர் கடைப்பிடிக்கும் நெறிகள்.

பழைய கார் ஒன்றை இன்று சோதிப்போரும் இவ்வரலாற்றை மனத்திற் கொள்ளுதல் நலம். நின்ற நிலையிலிருந்து சீறிப் பாயச் செய்து அதன் பற்சக்கரங்களை வருத்துவதால், அதனைச் செய்தோர் எதை நாடினர் என்பது புலப்படாது. உச்ச கியரில் மெல்ல ஊரவிட்டு, விசையை மிதித்துக் கடிகாரத்தைப் பார்த்தால் புலப்படும். ஒரு காலத்தின் படைப்பை அக்காலத்தின் அளவுகோலால் அளப்பதே நேர்மை.