நாடு

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் ஊராட்சிகளின் பெயர்களே நாடுகள்: வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு. தேசம் என்ற பொருள் சுருங்கி மலையில் ஒட்டிக்கொண்டது என்று இதைக் கருதுவது தலைகீழான பார்வை. காட்டுக்கு எதிர்ச்சொல்லாக, மக்கள் குடியேறிப் பயிரிடும் நிலத்தையே இச்சொல் குறித்தது. சோழர் கல்வெட்டுகளிலும் நாடு என்பது சில ஊர்களின் தொகுதி. அத்தொகுதியின் சார்பில் கூடி முடிவெடுத்தவர்கள் நாட்டார். எனவே இச்சொல்லின் உயிர் எல்லைக்கோட்டில் இல்லை, ஊர்களுக்கிடையிலான இணக்கத்தில் இருக்கிறது என்பேன்.

இந்த இணக்கத்துக்குப் பொறியியலில் ஓர் ஒப்புமை உண்டு. பல கணினிகளோ ட்ரோன்களோ மையக் கட்டளையின்றி ஒரே முடிவுக்கு வருவதைப் பொறியியலார் பரவல் ஒருமிப்பு என்பர். அதில் முனை எனப்படும் ஒவ்வொரு கருவியும் அண்டை முனைகளின் மதிப்பை மட்டும் கேட்டுத் தன் மதிப்பைத் திருத்திக்கொண்டே போகும். வலையமைப்பு துண்டுபடாதவரை எல்லாம் ஒன்றையே நெருங்கும். ஊர்கள் கூடி நாடாவதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் நாடுகளுக்குப் பரம்பரைத் தலைவர்கள் இருந்தார்களே, அது எப்படி ஒருமிப்பாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒருமிப்பு வேறு, சமத்துவம் வேறு. கணக்கும் அதையே காட்டுகிறது: பலர் செவிசாய்க்கும் முனையின் பக்கம் இறுதி மதிப்பு சாயும், தன் மதிப்பை மாற்றாத முனை ஒன்றே ஒன்று இருந்தால், மற்றவை அனைத்தும் அதனிடமே போய்ச் சேரும். ஆகவே ஒரு நாட்டின் முடிவை எடைபோட, தலைவர் உண்டா என்பதைவிட, அவர் யார் சொல்லுக்குக் காதுகொடுத்தார் என்றே கேட்க வேண்டும்.