மோட்டார் இருக்கும் இடம்: இரண்டு பழைய ஷாப்ஸ்மித் இயந்திரங்கள்

பழைய பல்பயன் மரவேலை இயந்திரங்களில் அமெரிக்காவில் அதிகம் கண்ணில் படுவது ஷாப்ஸ்மித். வீட்டைக் காலி செய்யும்போது கார் கொட்டகையின் மூலையில் தூசியும் துருவுமாக ஒன்று கிடைக்கும். அது 10 இ.ஆர். என்ற முதல் தலைமுறையா, அடுத்து வந்த மார்க் 5-ஆ என்பதுதான் முதல் கேள்வி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி போலவே இருக்கும். இணையாக ஓடும் இரண்டு உருக்குக் குழாய்கள். அவற்றின் மேல் நகரும் ஹெட்ஸ்டாக், மேசை, டெயில்ஸ்டாக். வட்ட ரம்பம், கடைசல், நிமிர்ந்த துளை, படுத்த துளை, தட்டுத் தேய்ப்பு என்று ஐந்து வேலைகள். குழாய்களை அப்படியே தூக்கி நிறுத்தினால் துளையிடும் இயந்திரம். இரண்டிலும் சாய்த்து அறுப்பதற்கு மேசைதான் சாயும், ரம்பம் சாயாது.

ஆனால் ஒன்றைப் புதுப்பிக்கத் தெரிந்தவருக்கு மற்றது வந்துவிடும் என்று நினைத்தால் தவறு. மோட்டாரை எங்கே வைத்தார்கள் என்ற ஒரே முடிவு இவ்விரண்டையும் வேறு வேறு இயந்திரங்களாக்கிவிட்டது.

ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் கண்டுபிடித்தது ஷாப்ஸ்மித். கலிபோர்னியாவின் மேக்னா எஞ்சினியரிங் அதைத் தயாரித்தது. 1947-இல் மான்ட்கோமரி வார்ட் கடைகள் வழியாக விற்பனைக்கு வந்தது. போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் சிறு வீடுகள் வாங்கிக் குடியேறிய காலம் அது. ஐந்து இயந்திரங்கள் வாங்கக் காசும் இல்லை, வைக்க இடமும் இல்லை என்றிருந்தவர்களுக்கு இது பெரிய வரமாக இருந்தது. 1953-இல் மார்க் 5 வந்து 10 இ.ஆரின் இடத்தைப் பிடித்தது. பிறகு யூபா பவர் புராடக்ட்ஸ் கைக்குப் போய், நடுவில் உற்பத்தி நின்று, 1972-இல் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் ஜான் ஃபோல்கர்த் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார்.

10 இ.ஆரை அடையாளம் காண்பது எளிது. மோட்டார் ஹெட்ஸ்டாக்குக்கு வெளியே தொங்கும். ஹெட்ஸ்டாக் நகர்ந்தால் கூடவே நகரும். படிப்படியான புல்லிகள் மீது பெல்ட் ஓடும். வேகத்தை மாற்ற வேண்டுமென்றால் நிறுத்திவிட்டு, பெல்ட்டைக் கையால் அடுத்த படிக்கு மாற்ற வேண்டும். ரம்பம் 8 அங்குலம். வேகம் மாற்றும் கருவி ஒன்றைத் தனி உறுப்பாகவும் விற்றார்கள். அது பொருத்தப்பட்ட இயந்திரத்தைப் பார்த்து மார்க் 5 என்று ஏமாறுபவர்கள் உண்டு. மோட்டார் வெளியே இருந்தால் அது மார்க் 5 அல்ல.

மார்க் 5-இல் மோட்டார் அலுமினிய ஹெட்ஸ்டாக்கின் வயிற்றுக்குள் போய்விட்டது. முன்பக்கத்தில் ஒரு வட்டத் திருகு. அதைத் திருப்பினால் நிமிடத்துக்கு 700 முதல் 5,200 சுற்று வரை வேகம் மாறும். ரம்பம் 9 அங்குலமானது. கடைசலில் 34 அங்குல நீளத் தடி வரை பிடிக்கலாம். இடப்பக்கத்தில் பட்டை ரம்பம் போன்ற துணைக் கருவிகளை நேரடியாக இணைக்கவும் வழி வந்தது. இவ்வளவு வசதிக்கும் காரணம் மோட்டாரை உள்ளே வைத்ததுதான்.

அடையாளம் காண்பதில் இதுவே சிக்கலானது. மார்க் 5 பல பதின்ம ஆண்டுகள் தயாரிக்கப்பட்டது. உறுப்புகள் தலைமுறை தாண்டிப் பொருந்தின. 1950-களின் சாம்பல் பச்சை, யூபா காலத்துப் பொன்னிறம் என்று நிறம் கொஞ்சம் சொல்லும். முக்கால் குதிரைத்திறன் மோட்டார் என்றால் தொடக்க காலம்; பெயர்த்தகட்டில் ஒன்றேஅரைக்கால் என்றிருந்தால் அதற்குப் பிந்தையது. உள்ளே பல்வைத்த பெல்ட் இருந்தால் பழையது, நீளவாட்டில் வரிகள் ஓடும் பெல்ட் என்றால் பிந்தையது. இந்த ஒவ்வொன்றும் அந்தந்த உறுப்பின் வயதைத்தான் சொல்லும். எழுபதுகளின் ஹெட்ஸ்டாக் ஐம்பதுகளின் குழாய்மேல் உட்கார்ந்திருக்கலாம். ஆகவே வண்ணம் பூசும் அவசரத்துக்கு முன் ஒவ்வோர் உறுப்பையும் படம் எடுத்து, நிறத்தையும் தகட்டையும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. புதுப் பூச்சு அந்தச் சான்றுகளை மூடிவிடும்.

புதுப்பிக்கும் வேலையில் 10 இ.ஆர். தாராள மனசுக்காரன். மோட்டார் எரிந்துபோயிருந்தால் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்தலாம். இந்தத் தாராளத்திலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. முந்தைய உரிமையாளர் யாராவது கைக்குக் கிடைத்த மோட்டாரை மாட்டியிருப்பார். இயந்திரம் 1,725 சுற்று மோட்டாரை எதிர்பார்க்கிறது. 3,450 சுற்று மோட்டார் மாட்டியிருந்தால் எல்லா வேகங்களும் இரட்டிப்பாகும், ரம்பமும் அந்த வேகத்தில் சுழலும். சுழலும் திசையும் மாறியிருக்கலாம். துணி உறை போட்ட பழைய வயரையும், எர்த் இல்லாத இரண்டு முள் பிளக்கையும் யோசிக்காமல் மாற்றிவிட வேண்டும்.

மார்க் 5-இல் சிக்கல் உள்ளே ஒளிந்திருக்கும். வேகத்தை மாற்றுவது நெருங்கியும் விலகியும் நகரும் இரட்டைப் பாதிப் புல்லிகள். எண்ணெய் காணாமல், மரத்தூள் அடைத்து, இந்தப் பாதிகள் தண்டோடு ஒட்டிக்கொள்ளும். வேகத் திருகை இயந்திரம் ஓடும்போது மட்டுமே திருப்ப வேண்டும். நின்றிருக்கும்போது பலவந்தமாகத் திருப்பினால் பெல்ட் வழிவிடாது. உள்ளே இருக்கும் வார்ப்பு உறுப்புதான் உடையும். எனவே கொட்டகையில் கண்டவுடன் அந்தத் திருகைச் சுற்றிப் பார்க்கும் ஆசையை அடக்குவது இந்த இயந்திரத்துக்குச் செய்யும் முதல் உதவி. மோட்டாரும் இதற்கென்றே செய்தது, கடையில் கிடைக்கும் ஒன்றை மாட்ட முடியாது. டேட்டன் நிறுவனம் பழைய மார்க் 5-க்கும் பொருந்தும் உறுப்புகளை விற்று வந்ததால்தான் இத்தனை இயந்திரங்கள் பிழைத்தன.

துரு நீக்குவதிலும் வேறுபாடு உண்டு. சலவைச் சோடா கரைத்த நீரில் மின்சாரம் பாய்ச்சித் துரு எடுக்கும் முறை இரும்பு உறுப்புகளுக்கு அருமையானது. அதே தொட்டியில் மார்க் 5-இன் அலுமினிய வார்ப்பை இறக்கினால் காரம் அதை அரித்துவிடும். அதற்கு மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் பொறுமையும் போதும். குழாய்களை இரண்டிலும் நேர்த்தியாகத் தேய்த்து மெழுகிட வேண்டும். எல்லா நகர்வும் அவற்றின் மேல்தான்.

இரண்டிலும் நான் மிக முக்கியமாகக் கருதுவது பூட்டுத் திருகுகள். கிரீன்மேன் என்பவருக்கு அவர் மனைவி 1955 கிறிஸ்துமஸுக்கு ஒரு ஷாப்ஸ்மித் பரிசளித்தார். பின்னர் கடைசல் பிடிக்கும்போது மரத்துண்டு பறந்துவந்து அவர் நெற்றியில் அடித்தது. உறுப்புகளைப் பிடித்திருந்த கிரப் ஸ்குரூக்கள் போதுமானவை அல்ல, அதிர்வில் டெயில்ஸ்டாக் விலகியது என்று வல்லுநர்கள் சாட்சி சொன்னார்கள். 1963-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ட்ரெய்னர் எழுதிய தீர்ப்பு, குறையுள்ள பொருளால் காயம் நேர்ந்தால் கவனக்குறைவை நிரூபிக்காமலே தயாரிப்பாளர் பொறுப்பு என்று நிலைநாட்டியது. அமெரிக்கச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு அது. பழைய இயந்திரத்தைப் புதுப்பிப்பவர் அதைச் சட்டமாக அல்ல, வேலைக் குறிப்பாகவே படிக்கலாம்.

முதல்முறை கைவைப்பவருக்கு நான் 10 இ.ஆரையே சொல்வேன். எல்லாம் வெளியே தெரிகிறது. பெல்ட் எங்கே போகிறது, எது எதைச் சுற்றுகிறது என்று கண்ணால் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். தினமும் வேலை வாங்க வேண்டுமென்றால் மார்க் 5 தான் உகந்தது. நிமிடத்துக்கு ஒருமுறை பெல்ட் மாற்றிக்கொண்டு ஒரு நாற்காலிக்கால் கடைவது களைப்பான வேலை. எதுவானாலும், பூட்டுகள் எல்லாவற்றையும் முறுக்கிய பின், முதல் ஓட்டத்தை ரம்பமும் மரமும் மாட்டாமல் மிகக் குறைந்த வேகத்தில் தொடங்கி, நிறுத்தி, ஒவ்வொரு திருகும் இடம் மாறாமல் இருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும்.