வைக்கோல், பழைய கொப்பி, ஊவாவின் பைன் மரம்: இலங்கைக் கடதாசிக் கூழின் வரலாறு

இலங்கையில் கடதாசி பெருந்தொழிலானது மட்டக்களப்பு மாவட்டத்து வாழைச்சேனையில். 1948 முதல் 1953 வரை கைத்தொழில் அமைச்சராக இருந்த ஜி. ஜி. பொன்னம்பலத்தின் காலத்தில் திட்டமிடப்பட்ட இந்த ஆலை, 1956இல் உற்பத்தியைத் தொடங்கியது. பதுளையிலிருந்து பிபிலை, மகாஓயா வழியாகக் கிழக்கே இறங்கும் ஏ5 நெடுஞ்சாலை செங்கலடியில் முடிகிறது. அங்கிருந்து சற்று வடக்கே வாழைச்சேனை.

ஆலையின் முதல் மூலப்பொருள் நெல் வைக்கோல். கிழக்கின் வயல்களில் அதற்குக் குறைவில்லை. ஆனால் வைக்கோலைக் கூழாக்க எரிசோடாவில் வேகவைக்க வேண்டும். வெந்தபின் எஞ்சும் கரிய நீரிலிருந்து சோடாவை மீட்பது சிறிய ஆலைகளுக்குக் கட்டுப்படியாகாது. வைக்கோலிலுள்ள சிலிக்கா அந்த வேலையை மேலும் கடினமாக்கும். மீட்காவிட்டால் அந்த நீர் ஆற்றுக்கோ களப்புக்கோதான் போகும். 1970களின் பிற்பகுதியில் எழுந்த எம்பிலிப்பிட்டிய ஆலையின் கழிவு வளவை கங்கையில் கலந்ததும் இதனால்தான்.

கழிவுக் கடதாசிக்கு இந்தச் சமையல் தேவையில்லை. நார் ஏற்கெனவே பிரிந்தது. தண்ணீரில் ஊறவைத்துக் கலக்கினாலே போதும். அச்சிட்ட தாளின் மையை நீக்கி மீண்டும் கூழாக்க, மத்தியாஸ் கூப்ஸ் 1800இல் லண்டனில் காப்புரிமை பெற்றார். அவருடைய ஆலை சில ஆண்டுகளிலேயே நொடித்தது. அதன்பின் நெடுங்காலம் கருங்கல் உருளைகளும், ஹொலண்டர் என்ற நீள்வட்டத் தொட்டியும் பழைய தாளை அரைத்தன. இரண்டும் மெதுவானவை, நாரையும் வெட்டிக் குறுக்கின. 1930களின் இறுதியில் அமெரிக்காவில் உருவான ஹைட்ரா பல்ப்பர் இந்தத் தொழிலையே மாற்றியது.

பல்ப்பர் என்பது ஒரு பெரிய எஃகுத் தொட்டி. அடியில் சுழலி. நூறு பங்கில் ஐந்து பங்களவு தாள், மீதி தண்ணீர். சுழலி எழுப்பும் நீர்ச்சுழலில் தாள் தாளோடு உராய்ந்து நாராகப் பிரிகிறது. பிரிந்த நார் அடித்தட்டின் துளைகள் வழியாக வெளியேறுகிறது. கல், ஆணி போன்ற கனமானவை பக்கத்துக் குழியில் விழுந்து தங்கும். கட்டுக்கம்பியும் நூலும் பொலித்தீனும்தான் பெரிய தொல்லை. அவற்றுக்கென்றே தொட்டிக்குள் ஒரு கயிறு தொங்கவிடப்படும். சுழலும் குப்பை அதில் சுற்றிச் சுற்றித் தொடைப் பருமனான வடமாகத் திரளும். அதை இயந்திரம் மெல்ல மேலே இழுக்கும், ஆட்கள் அவ்வப்போது துண்டித்து எடுப்பார்கள். ஆலைக்கு வந்த தாள் எவ்வளவு தரம் பிரிக்கப்பட்டது என்பதை அந்த வடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். மைநீக்கும் ஆலைகளில் சுருள் வடிவச் சுழலிகள் 12 முதல் 18 சதவீத அடர்த்தியில் கலக்குகின்றன. மை எளிதில் கழல்கிறது, நாரும் அறுபடுவதில்லை.

காலப்போக்கில் வாழைச்சேனையும் வைக்கோலைவிடக் கழிவுத் தாளையே கூடுதலாக நம்பியது. அலுவலகக் கோப்புகள், பழைய பத்திரிகைகள், பாடசாலைக் கொப்பிகள் எல்லாம் பல்ப்பருக்குத் தீனி. தோட்டப்புறத்தில் அவற்றுக்கு வேறொரு பயனும் உண்டு: பதுளையிலும் பண்டாரவளையிலும் கடலை மடித்துத் தரும் சுருள், பெரும்பாலும் யாரோ ஒரு பிள்ளையின் கணக்குக் கொப்பித் தாளாகவே இருக்கும். அப்படி எண்ணெய் ஊறிய தாள் மீண்டும் நல்ல கூழாகாது.

நாரின் நீளத்தில் இன்னொரு தடை இருந்தது. வைக்கோல் நார் சராசரியாக ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேல் போவதில்லை. கழிவுத் தாளின் நார் ஒவ்வொரு சுற்றிலும் நலிந்து, ஐந்தாறு சுற்றில் பயனற்றதாகிறது. எழுதுதாளுக்கும் அட்டைக்கும் அது போதும். பலத்த உறைக்குப் போதாது. ஊவா மாகாணத்தின் தேயிலைத் தோட்டங்களுக்கு வேண்டியதோ பலத்த உறைதான். 1980கள் தொடங்கி ஒட்டுப்பலகைத் தேயிலைப் பெட்டிகளின் இடத்தைப் பல அடுக்குக் கடதாசி உறைகள் பிடித்தன. அவற்றுக்கு மூன்று மில்லிமீற்றர் நீள ஊசியிலை மரநார் தேவை. அந்த மரம் ஊவாவிலேயே நின்றது: மானாப் புல் மண்டிய பத்தனைப் புல்வெளிகளில், காடு வளர்க்கும் திட்டத்தின்கீழ், கூழுக்கும் உதவும் என்ற எண்ணத்தோடு பைன் நடப்பட்டது. ஆனால் நாட்டில் மரக்கூழ் ஆலை எதுவும் எழவில்லை. மலைச்சரிவுகளில் மரமும் கடலோரத்தில் ஆலையும் இருந்தும் இரண்டையும் இணைக்காமல் விட்டது, இந்த வரலாற்றின் மிகப் பெரிய தவறு.

போரும் நட்டமும் வாழைச்சேனையை முடக்கின. கடதாசிக்கு நாடு இறக்குமதியையே நம்பியது. அந்நியச் செலாவணி வற்றிய 2022 மார்ச்சில், கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன.