"வெள்ளவத்தையிலயே நில்லுங்கோ": கொழும்பு லொட்ஜ்களின் ஒரு சின்ன வரலாறு

எங்களில் மூன்று பேர் முதல்தடவையாகத் தனியே கொழும்புக்கு வெளிக்கிட்டம். இரண்டு இரவு தங்க அறை வேணும். ஃபோனில தேடினால் புறக்கோட்டையில ஒரு அறை நல்ல மலிவாக வந்தது. கோட்டை ரயில் நிலையத்தில இறங்கி நடந்தே போகலாம். அதையே எடுப்பம் எண்டு நினைச்சு வீட்டில சொன்னால், மூன்று வீட்டிலயும் ஒரே பதில்: "காசு கூடினாலும் பரவாயில்லை, வெள்ளவத்தையிலயே நில்லுங்கோ." அதுக்குப் பிறகு ஒரு கேள்வி: "லொட்ஜ்காரர் ஆர்? தெரிஞ்ச ஆக்களோ?"

அறையில ஏசி இருக்கோ, குளியலறை உள்ளுக்கோ வெளியிலயோ எண்டு ஒருத்தரும் கேட்கேல்லை. பழைய ஆக்களின்ட பயம் எண்டு முதலில சிரிச்சம். பயம்தான். ஆனால் அந்தப் பயத்துக்குத் திகதி இருக்கு எண்டது, கேட்டுப் பார்த்தபோதுதான் விளங்கினது.

வடக்கு ரயில் பாதை 1905 இல் காங்கேசன்துறை வரை வந்தது. 1956 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. அந்தக் காலத்தில கொழும்புக்கு வந்தால் சொந்தக்காரர் வீடு, ஊர்க்காரர் வீடு. அரச உத்தியோகத்தில இருந்த இளைஞர்கள் நாலைஞ்சு பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சமையலுக்கு ஒராளை வைச்சு வாழ்ந்தார்கள். ஊரில இருந்து வாறவருக்கு அங்க ஒரு பாய் கிடைக்கும். அப்படி ஆருமில்லாதவர்களுக்குத்தான் லொட்ஜ். (முதன்முதல் போறவர்களுக்கு ஒரு விஷயம்: பலகையில "ஹோட்டல்" எண்டு போட்டிருந்தால் அது பெரும்பாலும் சாப்பாட்டுக்கடை. பையோட உள்ள போய் அறை கேட்டு அசடு வழிய வேண்டாம்.)

போர் இதைத் தலைகீழாக்கியது. 1990 இல் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது. 2002 இல் திறந்த ஏ9 பாதையும் 2006 ஓகஸ்ட் 11 ஆம் திகதி மூடப்பட்டது. அதன் பிறகு குடாநாட்டில இருந்து வெளிக்கிட இராணுவத்தின் அனுமதி வேணும். வெளிக்கிட்டாலும் கப்பலில திருகோணமலை, இல்லாட்டி விமானத்தில இரத்மலானை. இவ்வளவு கஷ்டப்பட்டு வந்தவர் இரண்டு நாளில திரும்ப மாட்டார். வீசா நேர்முகம், பாஸ்போட், மஹரகம ஆஸ்பத்திரி, வெளிநாட்டு வேலைக்கான ஏஜென்சி, எல்லாத்துக்கும் கொழும்பில காத்திருக்க வேணும். புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை லொட்ஜ்கள் அப்படித்தான் மாதக்கணக்காகக் காத்திருக்கும் இடங்களாயின. இரண்டு பேருக்கான அறையில நாலு பேர் படுத்தால் தலைக்கு விழும் காசு குறையும். நல்ல லொட்ஜ் எது எண்டதுக்கு இன்னொரு அளவுகோலும் வந்தது: பொலிஸ் பதிவை ஒழுங்காகச் செய்து தாற முதலாளி, இரவு சோதனை வந்தால் "இவரை எனக்குத் தெரியும்" எண்டு சொல்லக்கூடிய முதலாளி. வெள்ளை வான்களில ஆக்கள் காணாமல் போன காலம் அது. அந்த ஒரு வசனத்தின் விலையை எந்த வாடகைப் பட்டியலிலும் போட ஏலாது.

2007 யூன் 7 அதிகாலையில் அந்த வசனமும் உதவவில்லை. பொலிஸார் லொட்ஜ் லொட்ஜாக ஏறித் தமிழர்களை எழுப்பி, சாமான்களை எடுக்கச் சொல்லி, பஸ்களில் ஏற்றினார்கள். மொத்தம் 376 பேர். அவர்களில் 85 பேர் பெண்கள். பெரும்பாலானவர்களை வவுனியாவுக்கும் மற்றவர்களைக் கிழக்குக்கும் கொண்டு போனார்கள். தகுந்த காரணம் இல்லாமல் கொழும்பில் தங்கியிருந்தவர்கள் என்பதே சொல்லப்பட்ட விளக்கம். தன் நாட்டின் பெரிய நகரத்தில் நிற்க ஒருவருக்குக் காரணம் வேணும் எண்டு அரசே சொன்ன நாள் அது.

மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் அடிப்படை உரிமை மனுவோடு உயர் நீதிமன்றம் போனது. அடுத்த நாளே, யூன் 8 இல், வெளியேற்றத்தை நிறுத்தும்படி இடைக்கால உத்தரவு வந்தது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்ச நடந்ததை நியாயப்படுத்தினார். கொண்டு போகப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் திரும்பி வந்தார்கள். ஆனால் பதிவு ஓயவில்லை. 2008 செப்டெம்பரில், முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள் வடக்கில இருந்து வந்தவர்கள் எல்லாரும் பதிய வேண்டும் எண்டு உத்தரவு வந்தது.

இதில ஒரு முரண் இருக்கு. வெள்ளவத்தை ஒண்டும் ஆபத்தே காணாத இடமில்லை. 1983 யூலையில் அதுவும் எரிந்தது. 2007 இல் அங்கேயும் ஆக்களை எழுப்பினார்கள். பிறகு ஏன் வீட்டுக்காரர் அதையே சொல்லுகினம்? எங்களுக்குப் படுவது இதுதான்: அங்க ஒண்டும் நடக்காது எண்டு அவர்கள் நம்பவில்லை. நடந்தால் ஆராவது கண்டு, வீட்டுக்கு ஒரு ஃபோன் அடிப்பினம் எண்டு நம்பினார்கள்.

கடைசியில நாங்கள் வெள்ளவத்தையில்தான் நிண்டம். புறக்கோட்டையை இப்ப பயந்து தவிர்க்க வேண்டியதில்லை. அதிகாலை ரயிலுக்குப் போறவருக்கு அதுதான் வசதி. ஆனால் கடைகள் பூட்டின பிறகு தெரு சட்டெண்டு வெறிச்சோடிப் போகும். வெள்ளவத்தையில் இரவிலும் சைவக்கடை திறந்திருக்கும், யாழ்ப்பாண பஸ்கள் காலி வீதியிலேயே இறக்கிவிடும், கோட்டைக்குப் போக 100 ஆம் இலக்க பஸ்ஸும் கடற்கரை ரயிலும் இருக்கு. அந்தச் செலவையும் நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் விலை வித்தியாசம் பாதியாகக் குறைஞ்சிட்டுது. ஒரு இடத்தில மட்டும் சறுக்கினம். ஃபோனில சொன்ன விலை வேற, பில்லில வந்த விலை வேற. 10 வீத சேவைக் கட்டணமும் 18 வீத வற் வரியும் மேலதிகம். "எல்லாம் சேர்த்து எவ்வளவு, அறைக்கோ ஆளுக்கோ?" எண்டு முதலே கேட்டிருக்க வேணும்.

வரவேற்பு மேசையில ஒரு நீளமான பதிவுப் புத்தகம் இருந்தது. பெயர், அடையாள அட்டை இலக்கம், ஊர். கடைசிக் கட்டத்தில "வந்த காரணம்". எங்களுக்கு மேலே இருந்த வரிகளில ஆஸ்பத்திரி, தூதரகம், கலியாணம் எண்டு இருந்தது. நாங்கள் மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்திட்டு "சுற்றிப் பார்க்க" எண்டு எழுதினம். மேசையில இருந்த ஐயா வாசிச்சுப் பார்த்து, தலையாட்டி, திறப்பைத் தந்தார்.