கதிரவனும் சேமக்கலமும்

1955-ஆம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்க நாட்டின் ஜார்ஜியா மாநிலத்து அமெரிக்கஸ் என்னும் ஊரில், பெல் நிறுவனத்தார் ஒரு தொலைபேசித் தடத்தைச் சூரிய ஒளியால் இயக்கிப் பார்த்தனர். பகலில் மிஞ்சிய மின்சாரம் சேமக்கலத்தில் சேர்ந்து இரவில் உதவிற்று.

ஆனால் கதிரவனுக்கு நிறுத்தத் தெரியாது. நிறைந்த ஈயச் சேமக்கலத்தில் மேலும் மின்சாரம் புகுந்தால், உள்ளிருக்கும் நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வெளியேறும். கலம் வறண்டு கெடும், வெடிக்கவும் கூடும். இரவிலோ, சேர்த்த மின்சாரம் சூரியப் பலகையின் வழியே திரும்பிக் கசியும்.

இவ்விரு தீங்கையும் தடுப்பதே மின்னேற்றச் சீராக்கி. 12 வோல்ட் கலத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட்டை எட்டியதும் அது வரத்தைக் குறைக்கிறது. வகுப்பில் இதற்கு நான் ஏரியை உவமை கூறியதுண்டு. மிகுதியைப் பக்கவழியே திருப்பிவிடும் பழைய வகை, ஏரியின் கலிங்கு போன்றது. இணைப்பையே துண்டிக்கும் வகையோ, வரத்துக்காலை அடைப்பது போன்றது.