உல்கும் பெருவழியும்

உல்கு என்பது சுங்கத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். திருக்குறளின் 756ஆம் குறள் அரசனுக்குரிய பொருள்வகைகளுள் உல்குபொருளையும் ஒன்றாக எண்ணுகின்றது. பரிமேலழகர் அதனைக் கலத்தானும் நிலவழியானும் வரும் பண்டங்களுக்கு இறுக்கும் இறை என்று விளக்கினார். இவ்வுரைவழி உல்கினைப் பண்டவரி என்று கொள்ளுதல் எளிது. வழியைப் பயன்படுத்துதற்குரிய கட்டணமாகவும் அஃது இருந்ததோ என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் இரு பாட்டினும் உல்கினைக் குறிக்கின்றார். பட்டினப்பாலையில் அது புகார்த் துறையில் ஏறியும் இறங்கியும் செல்லும் பண்டங்களைச் சார்ந்தது. ஆண்டு மூடைகள்மேற் புலிப்பொறி இடப்படுகின்றது. பெரும்பாணாற்றுப்படையிலோ மிளகுப்பொதி சுமந்த கழுதைச் சாத்து காட்டுவழியே செல்கின்றது. அவ்வழியின் கவர்த்த இடங்களை வில்லேந்தியோர் காக்கின்றனர். அங்கே உல்கு என்னும் சொல் பெருவழிக்கே அடையாக நிற்கின்றது, மிளகிற்கு அன்று. உல்கும் காவலும் ஓரிடத்தே கூறப்படுதலின், வணிகர் இறுத்தது காவற்பட்ட வழிக்கான விலையுமாம் என யாம் கருதுகின்றோம்.

அதனை எவ்வாறு அளந்தனர்? பாட்டில் விடையில்லை. எனினும் சுமையால் தழும்பேறிய கழுதையின் முதுகைப் புலவர் காட்டாது விட்டாரல்லர். பிற்காலத்தே, பிரான்மலைக் கல்வெட்டில் வணிகக் குழுவினர் கோயிலுக்கு விதித்த மகமை பொதிக்கணக்கில் அமைந்தது. அஃது அரசிறையன்று; ஆயினும் பொதி என்பது விலங்கு சுமக்கும் பாரமாதலின், பாரம் ஓர் அளவாக வழங்கியமை புலனாகும்.

தொலைவும் அளக்கப்படாமல் இல்லை. தகடூர் வட்டாரத்து அதியமான் பெருவழிக் கற்கள் நாவற்றாவளத்திற்குரிய தொலைவைக் காதக்கணக்கிற் கூறுகின்றன. 29 காதம் என்னும் கல்லில் எழுத்தறியாதாரும் உணருமாறு பெருங்குழி இரண்டும் சிறுகுழி ஒன்பதும் வெட்டப்பட்டுள்ளன. ஆயினும் அக்கல் வழிகாட்டியதேயன்றி வரி கேட்டதன்று.

இவ்விரண்டு அளவுகளையும் ஒரு கட்டணத்துள் இணைத்தல் இக்கால வழக்கு. நியூசிலாந்து 1978 முதல் டீசல் வண்டிகளுக்கும் கனவண்டிகளுக்கும் எடையும் ஓடிய கிலோமீட்டரும் நோக்கிக் கட்டணம் பெறுகின்றது. சுவிட்சர்லாந்து 2001 முதல் கனரகச் சரக்கு வண்டிகளுக்கு இவற்றோடு புகையளவையும் சேர்த்தது. இதற்குரிய காரணம் வேறு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தே 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச்சோதனையின்வழி, அச்சின் பாரம் இருமடங்காயின் சாலையின் தேய்வு ஏறத்தாழ 16 மடங்காகும் எனக் கணித்தனர்.

ஆகவே பண்டை உல்கினை இன்றைய சாலைக்கட்டணத்தின் முன்னோடி என்று விரைந்துரைத்தல் பொருந்தாது. அன்று வணிகன் கள்வரினின்று பெற்ற காவலுக்கு இறுத்தான். இன்று ஓட்டுநர் தம் வண்டியாற் சாலைக்கு நேரும் தேய்வுக்கு இறுக்கின்றார். முன்னதில் வழியாற் பயன்கொண்டவன் கடன்பட்டான். பின்னதில் வழிக்குக் கேடு செய்தவர் கடன்படுகின்றார். வரி என்னும் ஒரு பெயர்கொண்டு இவ்வேற்றுமையை மறைத்தல் ஆராய்ச்சிக்கு இழுக்காகும்.