ஓட்டின் உட்புறத் தழும்புகள்

உயிர் மடிந்து கல்லாகிப்போன ஓட்டைப் படிப்பது, உரை கிட்டாத பழஞ்செய்யுளைப் படிப்பது போன்றதுதான். 35 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடைய சில புதைபடிவ ஓடுகள் சுருளற்றவை. சிறு தொப்பியை ஒத்தவை. நெடுங்காலம் அவை கடல்நத்தைகளோடு சேர்த்தே எண்ணப்பட்டன. ஆனால் உட்புறத்தில் தசை பற்றியிருந்த தழும்புகள் இடமும் வலமும் இணையிணையாக அமைந்திருந்தன. உடல் முறுக்கிக்கொண்ட நத்தைக்கு இந்த ஒழுங்கு வாய்ப்பதில்லை. இது நத்தையே அன்று எனச் சிலர் ஐயுற்றனர். சான்று காட்டத்தான் உயிரில்லை.

1952 மே மாதம், டென்மார்க்கின் கலாத்தியா ஆய்வுக்கப்பல் கோஸ்டாரிக்காவுக்கு மேற்கே பசிபிக்கில் 3,570 மீட்டர் ஆழத்தில் இழுவலை விட்டது. சேற்றோடு வந்தவற்றுள் அந்தத் தொப்பி ஓடுகளும் இருந்தன: உடலோடு பத்து, வெற்றோடாக மூன்று. பெரியதுகூட நான்கு சென்டிமீட்டரை எட்டாது. 1957இல் ஹென்னிங் லெம்கே அதற்கு நியோபிலினா கலாத்தியே எனப் பெயரிட்டார். (பெயரில் கப்பல் இருக்கிறது, வலை இழுத்தவர்கள் இல்லை.) அறுத்துப் பார்த்தபோது எட்டு இணைத் தசைகள், ஐந்து இணைச் செவுள்கள். தழும்புகள் பொய் சொல்லவில்லை.

லெம்கே அதோடு நிற்கவில்லை. மெல்லுடலிகளின் மூதாதையே மண்புழுவைப்போல் கண்டங்களாலான உடல் கொண்டது என்றும் வாதிட்டார். பின்வந்தோர் பலர் இதை ஏற்கவில்லை. எனக்கும் அது பாடத்தை மீறிய உரையாகவே படுகிறது.